அந்தோணியார் நாடகத்துக் கழுதை

எண்பதுகளில் ஒரு வருடம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் ஊர்த் திருவிழாவில் அந்தோணியார் நாடகம் போட்டார்கள். நற்கருணை அப்பத்தில் இயேசு இருப்பதை நம்பாத ஒருவன், மூன்று நாள் பட்டினி போட்ட கழுதைக்குத் தீனியைக் காட்டுவான். கழுதையோ தீனியை விட்டுவிட்டு, அந்தோணியார் ஏந்தி வரும் நற்கருணையின் முன் மண்டியிடும். அதுதான் கதை. எங்கள் அந்தோணியாருக்குச் சினிமாக் கதாநாயகன் மாதிரி நெற்றியில் சுருள்முடி தொங்கும். அவர் வசனத்துக்கு டூரிங் கொட்டகையில் போல விசில் பறக்கும்.

சலவைக்காரரிடம் கேட்டு வாங்கிய கழுதையை எங்கள் வீட்டுக் கொல்லையில் கட்டினார்கள். நாடகம் எழுதிய உபதேசியார் என்னிடம் கறாராகச் சொன்னார்: "மூணு நாளைக்குத் தண்ணி மட்டும் காட்டுங்க டீச்சர். நெசமாவே பசிக்கணுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழை பொய்த்து ஊரே அரை வயிற்றோடு கிடந்த வருடம் அது. வாயில்லா ஜீவன் எதற்கு விரதம் இருக்க வேண்டும்? எங்கள் மாட்டுக்கு வைத்திருந்த கடலைக்கொடியை மூன்று நாளும் அதற்கு அள்ளிப் போட்டேன். நாடகத்தன்று இரண்டு பங்கு.

கோயில் மைதானத்தில் அதே கடலைக்கொடியை நீட்டினார்கள். கழுதை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தோணியார் நெருங்கி வந்ததும், முன்னங்கால் இரண்டையும் மடக்கி அவர் எதிரே இறங்கியது. "அந்தோணியாரே!" என்று கூட்டம் அலறியது. உபதேசியார் அழுதேவிட்டார். எல்லாம் தெரிந்த எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

கழுதையை அழைத்துப்போக வந்த சலவைக்காரர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வயிறு ரொம்புனாத்தாங்க இது கால மடக்கும்."