ராணியின் கல்லறையும் என் இருமலும்

லக்சர் நிலையத்தில் ரயில் நின்றபோது காலை ஆறே கால். கெய்ரோவிலிருந்து நானூறு மைலுக்கு மேல். நேற்று மாலை ஏறியதிலிருந்து நான் கண் மூடவில்லை. பெட்டி மூன்று, கைப்பை ஒன்று, என் மனைவி பாக்கியம் என்று நிலையத்துக்கு நிலையம் சரிபார்த்துக்கொண்டே வந்தேன்.

"என்னையும் பொட்டியோட சேத்து எண்ணுறீங்களா?" என்றாள் அவள்.

இது 1979 ஜனவரி. இலங்கையில் றக்வானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மாப்பிள்ளைக்குக் கெய்ரோவில் தேயிலை வியாபாரக் கம்பெனியில் வேலை. பாக்கியம் மகளைப் பார்க்க வந்தாள். நான் மகளையும், மூவாயிரம் வருடத்துக்கு முந்திய ராணி நெபர்தாரியின் கல்லறையையும் பார்க்க வந்தேன். அதன் சுவர்ச் சித்திரங்களை ஒரு சஞ்சிகையில் கண்ட நாளிலிருந்து எனக்கு அந்த ஆசை. கல்லறையைப் பல வருடங்களாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை யார் யாரையோ பிடித்து இரண்டு பேருக்கு அனுமதி வாங்கித் தந்திருந்தார்.

எட்டு மணிக்குப் படகில் நைல் நதியைக் கடந்தோம். அக்கரையில் கரும்புத் தோட்டம் முடிகிற இடத்தில் பச்சை சட்டென்று நின்றுவிடுகிறது. அதன்பின் ஒரு புல்கூட இல்லாத மலை.

"இங்க கொழுந்து எடுக்கச் சொன்னா நம்ம பொண்டுக எங்க போவாளுக?" என்று டாக்சியில் பாக்கியம் சிரித்தாள்.

கல்லறை வாசலில் ஒரு காவல்காரரும், சுவர்களைப் பராமரிக்கும் பெண் அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். அதிகாரி அனுமதிச் சீட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் இருமினேன். தொழிற்சாலைத் தூசி தந்த இருமல், வந்தால் மூன்று நான்கு என்று தொடரும். அவர் முகம் மாறியது.

ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். அந்த மலைக்கல்லில் உப்பு இருக்கிறதாம். ஈரம் பட்டால் கரைந்து, காயும்போது பூச்சுக்கு அடியில் படிகமாக வளர்ந்து, சித்திரத்தை வெளியே தள்ளுகிறதாம். சில துண்டுகளை மெல்லிய காகிதம் ஒட்டித்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மனிதர் மூச்சே அதற்கு ஆகாது.

ஈரம் என்ன செய்யும் என்று தேயிலை காயவைத்த எனக்கா தெரியாது? ஆனாலும் மனம் கேட்கவில்லை. எழுபது வயதில் இன்னொரு முறை வரப்போவதில்லை என்றேன்.

"பத்து நிமிடம் இருமாமல் இருங்கள். அழைத்துப் போகிறேன்," என்றார்.

ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பாக்கியம் முந்தானை முடிச்சிலிருந்து மிளகும் கற்கண்டும் எடுத்து என் வாயில் போட்டாள். காவல்காரர் தன் கறுப்புத் தேநீரை நீட்டினார். நிறத்தைப் பார்த்ததும் நம் ஊர் டஸ்ட் தேயிலைத்தூள் என்று நினைத்தேன், ஒரு மிடறு குடித்தேன். ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர் ஒரு விரலை மடக்கினார். எட்டாவது விரல் மடங்கியபோது தொண்டையில் எறும்பு ஊர்ந்தது. ஒன்பதாவது மடங்கும்போது என் கண்ணில் நீர் வழிந்தது. அதன்பின் வெடித்த இருமலில் எதிர்மலையும் சேர்ந்து இருமியது. முதலில் சிரித்தது அதிகாரி. பிறகு எல்லாரும் சிரித்தோம், நான் இருமிக்கொண்டே.

"நீ போய் வா," என்றேன் பாக்கியத்திடம்.

"நீங்க பாக்காதத நா பாத்து என்னாங்க செய்ய?"

"பாத்துட்டு வந்து சொல்லு."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அதிகாரியின் பின்னால் இறங்கினாள். கோயில் சுவர் என்றால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். வாசலில் எட்டிப் பார்த்தபடி நின்றேன்.

கால் மணி நேரத்தில் ஏறி வந்தாள். இரண்டு கைகளும் முந்தானைக்குள் சுற்றப்பட்டிருந்தன. "தானா சுவத்துக்குப் போச்சுங்க, அதான் கட்டிப் போட்டுட்டேன்," என்றாள். முகம் தீபாவளிக் காலை போல இருந்தது.

"ராணி எப்படி?"

"வெள்ளச் சேல, உள்ளுக்குள்ள ஒடம்பு தெரியிற மாதிரி. நேத்துத்தான் தீட்டுன மாதிரி பளபளங்குது. ஒரு சாமி அவ கையப் புடிச்சுக் கூட்டிப் போகுது. இன்னொரு எடத்துல தனியா ஒக்காந்து தாயம் மாதிரி என்னமோ வெளையாடுறா. எதுக்க ஆளே இல்ல! உங்களோட ஆடுனா கள்ளாட்டம் ஆடி அழாப்பிடுவீங்கன்னு அவளுக்குத் தெரியும்போல."

ஒரு துண்டு உதிர்ந்த இடத்தையும் சொன்னாள். அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு கடந்தாளாம்.

படகில் சொன்னாள், சந்தையில் ஆரஞ்சுப் பழம் வாங்கும்போது சொன்னாள். சுவரில் பசுமாடுகள் வரிசையாக நிற்பதைச் சொன்னாள். மாலையில் கெய்ரோ ரயில் நகரத் தொடங்கியபோது என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, முக்கியமானத விட்டுட்டேனே! கூர பூரா நச்சத்திரம். கருநீலத்துல மஞ்சமஞ்சளா. நம்ம றக்வானையில மழ விட்ட ராத்திரி இருக்கும்ல, அது கணக்கா."

"எத்தனை இருக்கும்?"

"எண்ணவா உள்ள விட்டாங்க?" என்றாள் பாக்கியம். "பாக்கத்தானே விட்டாங்க."