எல்லோருக்கும் எழுபது சதவீதம்

ஆண்கள் ஏன் பேட்டரி அளவைக் கூட்டிச் சொல்கிறார்கள்? எனக்குத் தெரியவில்லை.

நேற்று மாலை எங்கள் எலெக்ட்ரிக் மோட்டார் சைக்கிள் குழு கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் திரும்பும் முன், தலைவர் குமார் எல்லோரிடமும் சார்ஜ் கேட்டார்.

"எழுபது."

"எழுபத்தஞ்சு, பாஸ்."

நான் மட்டும் "நாப்பது" என்றேன்.

"ஐயோ அக்கா, நடுவழியில நின்னா நாங்க தள்ளிட்டு வர முடியாது லா. மெதுவா பின்னால வாங்க."

மெதுவாகவே போனேன்.

வழியில், சுங்கை வேயில், மற்ற ஐந்து பேரும் சாலையோரம் நின்றிருந்தார்கள்.

"என்ன குமார், சார்ஜ் முடிஞ்சிருச்சா?"

"சேச்சே, உங்களுக்காகத்தான் வெயிட் பண்றோம்."

"வந்துட்டேனே. கிளம்புவோமா?"

ஒருவரும் அசையவில்லை. நான் வீடு சேர்ந்தபோது மூன்று சதவீதம் மீதி இருந்தது.

இன்று காலை வாட்ஸ்அப் குழுவில் குமாரின் புதிய விதி: ஐம்பது சதவீதத்துக்குக் குறைவாகச் சார்ஜ் உள்ளவர்களை இனி சேர்ப்பதில்லை. அவரோடு லோரியில் வீடு திரும்பிய நால்வரும் உடனே கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள்.