கேடயத்தில் பெய்த மழை

திம்மராயனுக்கு வயது ஐம்பத்தாறு. உடம்பைக் கேட்டால் எழுபது என்று சொல்லும். கெலமங்கலம் வட்டாரத்தில் மாட்டு வண்டிக்கும் கடைப் பலகைக்கும் முப்பது வருஷம் சாயம் பூசியவர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பலகை எழுதுவார். மூன்றையும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பது வேறு விஷயம். எதற்கும் இரண்டு பூச்சு. ஒற்றைப் பூச்சோடு எந்த வேலையையும் விட்டதில்லை.

கண்ணில் புரை விழுந்ததும் சாய்ந்தது பிழைப்பு. மளிகைக் கடைப் பலகையில் எழுத்து கோணிப்போனதைச் சந்தையே பார்த்துச் சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அந்த நேரத்தில்தான் மாதா கோயில் உபதேசியார் சின்னப்பன் வந்தார். மறைமாவட்டத்துக்கே தலைவரான மேற்றிராணியார் முதல் தடவையாக வருகிறார், வாசல் வளைவில் அவருடைய சின்னத்தை எழுத வேண்டும் என்றார். இதுதான் கடைசி வேலை, இதிலாவது யாரும் குறை சொல்லக்கூடாது என்று திம்மராயன் நினைத்துக்கொண்டார்.

மாதிரிக்கு வந்தது கறுப்பு மையில் அச்சடித்த கடிதத் தாள். தொப்பி, அதிலிருந்து தொங்கும் குஞ்சங்கள், நடுவில் கேடயம்.

"தொப்பிக்கும் குஞ்சத்துக்கும் பச்சைங்க. பக்கத்துக்கு ஆறு குஞ்சம். கூட்டிக் கீட்டிப் போட்டா பதவியே மாறிப்போயிடும்," என்றார் சின்னப்பன். கேடயத்தைப் பற்றி அவருக்கே தெரியாது.

கேடயத்தின் மேல்பாதியில் நெட்டுக்கோடுகள், கீழ்பாதியில் படுக்கைக்கோடுகள். மூன்று வருஷமாக மழை பொய்த்த ஊரில் அதைப் பார்ப்பவனுக்கு வேறென்ன தோன்றும்? மேலே மழை, கீழே ஏரி. பெரிய சாமி நல்லதைத்தான் சின்னமாக வைத்திருக்கிறார் என்று திம்மராயனுக்கு மனம் குளிர்ந்தது. வெள்ளைப் பூச்சின்மேல் கருநீலத்தில் ஒவ்வொரு கோடாக இழுத்தார். தோள் இற்றுப்போனது.

கூலிக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்த நஞ்சம்மா கூடையை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "மழைதானேண்ணா? நம்ம மாரியாத்தா கோயில்லகூட இப்பிடி யாரும் எழுதலியே!" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே கும்பிட்டாள். மறுநாள் நாலு பேரைக் கூட்டிவந்து காட்டுவதாகச் சொல்லிப் போனாள். திம்மராயனுக்கு வலிகூட மறந்துபோயிற்று.

காலையில் பங்குச் சாமியார் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"ஐயோ, திம்மராயா! அச்சுல வண்ணம் போட முடியாததால கோடு போட்டுக் காட்டுறது வழக்கம்ப்பா. நெட்டுக்கோடுன்னா சிவப்பு, வேதத்துக்காக உயிர விட்ட வேதசாட்சிகள் சிந்துன ரத்தம். படுக்கைக்கோடுன்னா நீலம், மாதாவோட போர்வை. மத்தியானம் கார் வந்துடும்."

குற்றம் யாருடையது என்று திம்மராயன் வாதாடவில்லை. அதற்குத் தெம்பு வேண்டுமே. "மாத்திடறேன் சாமி," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

ஏரியை நீலமாக்குவது சுலபமாக இருந்தது. மழையின்மேல் சிவப்பை வைக்கத்தான் கை வரவில்லை. கடைசியில் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு பூச்சு பூசினார். காய்ந்ததும் இரண்டாவது பூச வேண்டும். சிவப்பும் இருந்தது, நேரமும் இருந்தது. தூரிகையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுப் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் முதல் ஒற்றைப் பூச்சு. அலுப்பா, ஆசையா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திராது.

கார் வந்தது, மணி அடித்தது, எல்லோரும் பெரிய சாமியின் மோதிரத்தை முத்தமிட முண்டியடித்தார்கள். மேற்றிராணியார் குனிந்த தலைகளை ஆசீர்வதித்தபடியே வளைவைக் கடந்து போனார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டம் உள்ளே போனபிறகு நஞ்சம்மா நாலு பெண்களோடு வந்து நின்றாள். சிவப்பைப் பார்த்ததும் திம்மராயன் பக்கம் திரும்பினாள்.

"மழை எங்கண்ணா?"

"அது தப்பும்மா. ரத்தமாம்," என்றார் திம்மராயன், எழுந்திருக்காமலே.

அவள் நம்பவில்லை. கையை நெற்றிக்குக் கொடுத்து வெகுநேரம் பார்த்தாள். வெயிலில் சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது. "இருக்குதுண்ணா, அடியில கோடு கோடாத் தெரியுது," என்று சொல்லிவிட்டு மற்றவர்களுக்கும் காட்டினாள்.

திம்மராயன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அவருக்கு எல்லாம் சிவப்பாகத்தான் தெரிந்தது.