வெறும் அறையின் இரண்டு நிமிடம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும் என்பாள் மனைவி. ஏழு வருடமாக என் காதைச் சிவக்க வைத்து வருபவள் என் கடையில் வேலை செய்கிற றுஷ்தா. திருகோணமலைப் பட்டினத்தில் மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் விற்கிற சின்னக் கடை என்னுடையது. கிண்ணியாவில் இருந்து பாலம் கடந்து பஸ்ஸில் வருகிற இவளைப் பில் எழுதத்தான் சேர்த்தேன். மூன்றாம் மாதமே பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, வருகிறவர்களோடு கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

டிசம்பரில் நத்தார் தொடங்கிப் பொங்கல் முடியும்வரை எங்களுக்கு நல்ல காலம். பாட்டுக்காரப் புருஷனுக்கு மைக், கீபோர்ட் வாசிக்கிற மகளுக்கு ஹெட்போன் என்று அன்பளிப்பு வாங்க ஆட்கள் வருவார்கள். வாசிக்கிறவருக்கு எல்லாம் தெரியும், வாங்க வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பளபளப்பான பெட்டி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தால் சந்தோசமாக வாங்கிப் போவார்கள். அப்படித்தான் இருபது வருடம் கடை நடத்தினேன். றுஷ்தா வந்து அதில் மண்ணை அள்ளிப் போட்டாள்.

அவளிடம் ஒரேயொரு சட்டம் உண்டு. வீட்டில் பாட்டுப் பதிய மைக் வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் உடனே கொடுக்கமாட்டாள். பாடப்போகிற அறையில் போனை வைத்து, பதிவைத் தட்டிவிட்டு, வெளியே போய்விட வேண்டும். வெறும் அறையின் சத்தத்தை இரண்டு நிமிடம் பதிந்து கொண்டுவர வேண்டும். "பக்கத்துல நிண்டா ஒங்கட மூச்சும் விழும், வெளிய போயிருங்க" என்பாள். கொண்டு வந்த பதிவை, கடையில் இருக்கிற நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பாள். கூரை தகரமா ஓடா, மின்விசிறி கிறீச்சிடுகிறதா, தெரு எத்தனை தூரம் என்று கடதாசியில் குறிப்பாள். அதற்குப் பிறகுதான் மைக்.

விலை கூடிய கொண்டென்சர் மைக் சுற்றியுள்ள சத்தம் எல்லாவற்றையும் இழுக்கும். "தகரக் கூரை வீட்டுக்கு அதக் குடுத்தா, பாட்டோட காகமும் சேந்து பாடும் அண்ணன்" என்பது அவளுடைய வாதம். ஒருமுறை மகனுக்கு அந்த மைக்கை வாங்க மூதூரில் இருந்து ஒரு தாய் வந்தார். றுஷ்தா அவருக்கு விலை குறைந்த மைக் ஒன்றையும், பஞ்சு மெத்தையைச் சுவரில் சாத்தி வைக்கும்படி ஒரு புத்திமதியையும் கொடுத்து அனுப்பினாள். நான் என்ன மெத்தைக் கடையா வைத்திருக்கிறேன் என்று கத்தினேன். அடுத்த பெருநாளுக்கு அந்தத் தாய் தன் சொந்தத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு கத்துவதைக் குறைத்தேன். முறைப்பதை விடவில்லை.

போன பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, பின்னேரம் நாலு மணிபோல ஜெயரூபி வந்தாள். சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை, முன்பள்ளி ஆசிரியை. கணவன் வினோஜன் கல்யாண வீடுகளில் பாடுகிறவன். முதல் நாள் காலையில் மைக் கேட்டு வந்து, றுஷ்தாவின் சட்டத்தைக் கேட்டுத் திரும்பிப் போனவள், இப்போது பதிவோடு வந்து நின்றாள்.

"அவருக்குத் தெரியாமல் பதியிறதுக்குள்ள நான் பட்ட பாடு, அக்கா! நேற்றுப் பின்னேரம் அவர் கிணத்தடியில நிண்டவர். போனை அறைக்குள்ள வச்சுப்போட்டு நான் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டன்."

"அது காணும். தாங்க."

"இண்டைக்கு ராவு அவர் கொழும்புக்குப் போறார். ஏதோ பாட்டுப் பதிவாம். பொங்கலுக்கு முதல் நாள் வந்திடுவார். வரேக்குள்ள எல்லாம் பொருத்தி வச்சிருக்கோணும். வீட்டிலயே பதியலாமெண்டா அவர் ஏன் ஊர் ஊரா அலையோணும், சொல்லுங்கோ?"

அவள் கண் கண்ணாடி அலுமாரியில் இருந்த தங்க நிற கொண்டென்சர் மைக்கில்தான் இருந்தது. நான் அதை எடுத்து மேசையில் வைத்தேன். றுஷ்தா ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினாள். அவள் பேனை கடதாசியில் தகரம் என்று எழுதியது. கடல் என்று எழுதியது. பிறகு நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தாள். பதிவைப் பின்னால் இழுத்து மறுபடி கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"அண்ணன், இதுல ஒரு பக்கம் வேலை செய்யல்ல போல. ஒருக்காப் பாருங்க."

அந்த ஹெட்போனில் ஒரு பழுதும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வாங்கி மாட்டினேன். வெயிலில் தகரம் முறுகுகிற சத்தம், அலை, காகம். அவற்றுக்குப் பின்னால், தள்ளி, கிணற்றடியில் இருந்து போல, ஆனால் தெளிவாக ஓர் ஆண் குரல் யாரோடோ போனில் கதைத்தது. போனிலேயே போட்டுக் கேட்டிருந்தால் அது கேட்டிருக்காது.

"நாளைக்கு ராவு பத்து மணிக்கு நான் அங்க நிப்பன்... ஓம், பை ஒண்டுதான்... கொழும்புக்கெண்டு சொல்லியிருக்கிறன். அவளுக்குத் தெரியாது. அங்கால போய்ச் சேர்ந்தாப் பிறகு சொல்லுவம்... நாப்பது பேரோ? அந்தப் படகு தாங்குமோ?... சரி சரி, வாறன்."

நேற்றைய நாளை என்றால் இன்று. எங்கள் கரையில் இப்படிப் படகைப் பற்றிக் கதைத்தால், அது களவாக அவுஸ்திரேலியாப் பக்கம் போகிற படகு. மீன் பிடிக்கிற படகில் ஆட்களை அடுக்கி, வாரக்கணக்கில் நடுக்கடலில் விடுவார்கள். போனவர்களில் சிலர் பிடிபட்டுத் திரும்பினார்கள். சிலரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன். இன்னும் ஆறு மணித்தியாலம்கூட இல்லை.

றுஷ்தாவைக் கடையின் பின்பக்கத்துக்குக் கூப்பிட்டேன்.

"வாயைத் திறக்காத, பிள்ளை. இது புருஷன் பெண்சாதி விசயம். படகு விடுறவங்கள் லேசுப்பட்ட ஆக்கள் இல்லை. நாளைக்குக் கடைக்குக் கல் விழுந்தா ஆர் பதில் சொல்லுறது? மைக்கைக் குடுத்து அனுப்பு."

"நாம ஒட்டுக் கேக்கல்லயே, அண்ணன்."

"கேக்கவே இல்லையெண்டு இரு."

"அந்தப் புள்ள மைக் வாங்க மட்டுந்தான் வந்திச்சி. பதியச் சொன்னது நான். இப்ப கேட்டத எங்க கொண்டுபோய் வெக்கிற?"

எனக்குப் பயம். அதை ஒளிக்கவில்லை. கடை, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. முன்பக்கத்தில் இருந்து ஜெயரூபி, "அக்கா, ஏதும் பிழையோ? மைக் சரிவராதோ?" என்று கேட்டாள். றுஷ்தா வெளியே போகப் பார்த்தாள். நான் வழியை மறித்து நின்றேன்.

"விலகுங்க, அண்ணன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. என்னிடம் இப்படி அவள் ஒருநாளும் கதைத்ததில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு விலகினேன்.

றுஷ்தா முன்பக்கம் போனாள். கதிரையை இழுத்துப் போட்டு, ஜெயரூபியை இருத்தி, ஹெட்போனை அவள் காதில் வைத்தாள். "கேளுங்க, தங்கச்சி. நான் பக்கத்துலதான் நிக்கிறன்."

காகம் கரைந்த இடத்தில் ஜெயரூபி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அவள் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அழுவாள், மயங்குவாள் என்று நான் தண்ணீர்ப் போத்தலைத் தேடினேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்துவிட்டு எழும்பினாள்.

"அக்கா, சல்லிக்கு இப்ப பஸ் இருக்கோ?"

றுஷ்தா தெருவுக்கு ஓடிப்போய் ஓட்டோ ஒன்றை மறித்து ஏற்றிவிட்டாள். தங்க நிற மைக் மேசையிலேயே கிடந்தது.

அடுத்த நாள் காலை இருவரும் வழமைபோலக் கடையைத் திறந்தோம். கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நின்றபோதெல்லாம் நான் எழும்பி எட்டிப் பார்த்தேன். பத்து மணிபோல ஒருவன் உள்ளே வந்தான். உயரமானவன், கண் சிவந்திருந்தது.

"நான் வினோஜன். ஜெயரூபிக்கு அதைக் கேக்கப் போட்டது ஆர்?"

 றுஷ்தா, "நான்தான்" என்றாள்.

"என்ர வீட்டுக் கதையைப் பதிஞ்சு போட்டுக் காட்ட நீங்கள் ஆர்?" மேசையில் அடித்தான். அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. "படகுக்குக் கட்டின காசும் போச்சு, போற வழியும் போச்சு. கல்யாண வீட்டில பாடிப் பாடி இஞ்ச என்னத்தைக் கண்டனான்?"

றுஷ்தா அசையவில்லை. "அவ அழுதாவா, தம்பி?"

அவன் குரல் இறங்கியது. "அழேல்ல. நான் பையைத் தூக்க, அவளும் ஒரு பையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில நிண்டாள். நானும் வாறன், எனக்கும் ஒரு இடம் கேளுங்கோ எண்டாள். மூண்டு மணித்தியாலம் அப்பிடியே நிண்டவள், அக்கா. அந்தப் படகில அவளை ஏத்த எனக்கு மனம் வரேல்ல."

"அவவ ஏத்த மனம் வராத படகில, நீங்க மட்டும் எப்பிடித் தம்பி ஏறப் பாத்தீங்க?"

 வினோஜன் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். படகு வெளிக்கிட்டதா, பிடிபட்டதா என்று அப்போது யாருக்கும் தெரியாது.

போகும்போது என் கையைப் பிடித்தான். "கத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை. நீங்கள் ரெண்டு பேரும் இல்லையெண்டா நான் இப்ப நடுக்கடலில" என்றான்.

நான் வழியை மறித்து நின்றதை றுஷ்தா சொல்லப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.