ஓமான் மணலில் ஒரு டிரைவிங் பாடம்

போன வருடம் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் டெக்சாஸில் இருந்து தனியாக ஓமானுக்குப் போயிருந்தேன். நாற்பத்தாறு வயதில் என் முதல் தனிப் பயணம். "முஸ்லிம் கன்ட்ரி, தனியா போனா சேஃபா இருக்குமா?" என்று எங்கள் ஊரான ஆலனில் இருக்கும் தோழிகள் எல்லோரும் கவலைப்பட்டார்கள். என் மகள் மட்டும், "ஜஸ்ட் கோ, அம்மா!" என்று பெட்டியை இழுத்து வந்து காரில் வைத்தாள்.

மஸ்கட்டில் ஒரு பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்தேன். மூன்றாம் நாள் பாலைவனக் கூடாரம் ஒன்றில் தங்க ஏற்பாடு. தார் ரோடு முடியும் இடத்தில் நில்லுங்கள், நான் வந்து கூட்டிப் போகிறேன் என்று கூடாரக்காரர் போனில் சொல்லியிருந்தார். எனக்கு எங்கே பொறுமை? பதினைந்து வருடமாக டாலஸ் டோல்வேயில் ஓட்டுகிறவளை இந்த மணல் என்ன செய்துவிடும் என்று வண்டியை இறக்கிவிட்டேன்.

பத்தே நிமிடம். ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி உறுமியது, நகரவில்லை. மிதிக்க மிதிக்கச் சக்கரங்கள் கீழே போயின. சிக்னல் இல்லை. தண்ணீர் அரை பாட்டில். மதிய வெயிலில் கையாலேயே மணலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போது தூரத்தில் ஒரு வெள்ளை வண்டி! துப்பட்டாவை வீசி வீசிக் கத்தினேன். ஓட்டி வந்தது கறுப்பு அபாயா அணிந்த ஓர் இளம்பெண். பக்கத்தில் வெள்ளை அங்கியில் ஓர் ஆண். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓட்டி வந்தவளை விட்டுவிட்டு, வண்டியைச் சுற்றி ஓடி அந்த ஆணிடம், "சார், ப்ளீஸ் ஹெல்ப்!" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "என் தங்கச்சியக் கேளுங்க. நான் தொட்டா உங்க வண்டி இன்னும் புதைஞ்சிரும்" என்றார் ஆங்கிலத்தில்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அவளோ இறங்கி, மண்டியிட்டு, மணலில் பிடிப்பு கிடைக்க நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினாள். அண்ணன் மண்வெட்டியால் மணலை அள்ளினார். நான் சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே ஓட்டுங்க. முதல்ல ரிவர்ஸ். நடுவுல நிறுத்தாதீங்க!"

வண்டி குலுங்கியது, வழுக்கியது, சட்டென்று விடுபட்டது! அவள் கைதட்டிக்கொண்டே ஓடி வந்து என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். "இப்ப அந்த மேடு!" அவள் சொல்லச் சொல்ல, இன்ஜின் அலற, முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரிய ஏறினோம். உச்சியைத் தொட்டதும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மணல். நான் கூச்சல் போட்டேன். அவளும் போட்டாள்!

திரும்பி இறங்கியதும் தங்கள் வண்டியருகே உட்கார வைத்துப் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் காபியும் கொடுத்தாள். "முதல்ல உங்க அண்ணன்கிட்ட ஓடினேனே, ஸாரி" என்றேன். "டூரிஸ்ட் எல்லாருமே அப்படித்தான்" என்று சிரித்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது. கூடாரம் வரை முன்னால் போய் வழிகாட்டிவிட்டுத்தான் அண்ணனும் தங்கையும் விடைபெற்றார்கள்.

அந்த ஊர்ப் பெண்களைப் பற்றித் தெரியும் என்று நான் நினைத்திருந்ததெல்லாம், கண்ணெதிரே வண்டி ஓட்டி வந்தவளையே பார்க்க விடவில்லையே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. அப்படிப்பட்ட என்னை நம்பி அவள் ஸ்டியரிங்கை என் கையிலேயே விட்டதை நினைத்தால், அந்த வெட்கத்தையும் மீறிச் சிரிப்பு வருகிறது.