மீசான் கல்லின் ஊர்

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்லூரியொன்றில் நிலவியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்தேன். எந்தக் கல்லைக் காட்டினாலும் அது பிறந்த இடத்தைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஜவுளி வியாபாரி ஒருவர் இருந்தார். அவருடைய முன்னோர் ஒருவரை அடக்கம் செய்த கபரில், தலைமாட்டில் வெள்ளைச் சலவைக்கல் பலகை நின்றது. மீசான் கல் என்பார்கள். முன்பக்கம் அரபு எழுத்து. பின்பக்கம் அதைவிட வெகு பழைய கொடி வேலைப்பாடு, பாதி தேய்ந்தது. கடலுக்கு அப்பால் இடிந்துபோன ஏதோ கட்டடத்திலிருந்து அந்த முன்னோரே கப்பலில் கொண்டுவந்த கல் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை.

"பாத்துச் சொல்லிருவோம் பாய்" என்றேன்.

அடியில் உடைந்திருந்த மூலையில் நகமளவு சில்லு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். கல்லூரியில் அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்தேன். அன்றே வகுப்புக்காக எங்கள் ஜில்லாக் குவாரிச் சலவைக்கல்லிலும் ஒன்று தேய்த்து, இரண்டிலும் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். பலகையின் தகட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரிய மணிகள், பச்சைத் துணுக்குகள், கரும்புள்ளிகள். குவாரிக் கல்லின் அடையாளமேதான். அடுத்த தகட்டைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

சாரல் நாளில் குற்றாலத்தில் அவர் உறவினர்களுக்கு விருந்து வைத்தார். என்னையும் அழைத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் எல்லோர் முன்னிலும், "தம்பி, எந்தத் தேசத்துக் கல்லுன்னு சொல்லுங்க" என்றார்.

"கப்பலும் இல்ல, கடலும் இல்ல பாய். நம்ம ஜில்லாக் கல்லுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் இலையைப் பார்த்தபடி, "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

சில மாதம் கழித்து வகுப்பில் 'குவாரி' என்று சீட்டு ஒட்டியிருந்த தகட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பொடிமணிகள், பாலாய் வெள்ளை. ஒரு கரும்புள்ளி இல்லை. சீட்டு ஒட்டும்போது இரண்டையும் மாற்றி ஒட்டியிருக்கிறேன். அவருடைய கல் எங்கள் பக்கத்துக் கல்லே அல்ல.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. மாணவர்கள் காதுக்கு எட்டிவிடுமே என்ற பயம். ஒருநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவர் எதிரே வந்தபோது சுவரொட்டியைப் படிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

கடைசியில் கடைக்கே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தார்.

"எங்க முப்பாட்டனார் பொய் சொல்லிட்டாருன்னு பேரப்பிள்ளைகிட்ட நானே சொல்லிட்டேன் தம்பி. அதை நான் மாத்திக்கிடுதேன். அன்னைக்கு விருந்துக்கு வந்தவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்."

வீடு வீடாகப் போனேன். அச்சன்புதூரில் அவருடைய மைத்துனர் காப்பி கொடுத்து, பொறுமையாகக் கேட்டார்.

"சரி, அப்ப எந்த ஊருக் கல்லு?"

"அது தெரியல."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.