கம்பளத்தை எடுத்த அறை

அந்த மருத்துவமனையில் காத்திருப்பவர்கள் யாரும் சண்டை போடுவதில்லையாம், காற்றில் ஏதோ மருந்து கலக்கிறார்களாம் என்று ஒரு பேச்சு. டீக்கடைக்காரர் தன் மைத்துனர் சொன்னதாகச் சொன்னதைத் தச்சர் அப்படியே கொண்டுவந்து அவளிடம் கொட்டினார். அந்தக் காத்திருப்புக் கூடத்தை வடிவமைத்தவள் அவள்தான்.

“மருந்துமில்ல, மாயமுமில்ல. நாற்காலி காலுக்கு ரப்பர் போட்டோம். லைட்டைச் சுவர் பக்கம் திருப்பினோம். பினாயில் வாடையை நிறுத்தினோம்.”

“இதைச் சொன்னா எவன்க்கா நம்புவான்? மருந்துன்னே இருக்கட்டும், நமக்குக் கெத்து.”

சிரித்தாள். ஊரார் மனதை ஆற்றும் வித்தை தெரிந்தவளுக்குச் சொந்த வீட்டில் அது பலிக்கவில்லை. கணவரைப் பிரிந்த பிறகு மகள் அப்பாவோடு இருந்தாள், பதினைந்து வயது. போன விடுமுறைக்கு ஒரு மாதம் தங்க வந்தாள். தெரிந்த வித்தையை எல்லாம் அவள் அறையில் இறக்கி வைத்திருந்தாள் அம்மா. கனத்த கம்பளம், சத்தம் புகாமல் கதவு விளிம்பெல்லாம் பஞ்சுப் பட்டை, பால் போல வெளிச்சம். மகள் மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டினாள்.

“என்னடி குறை?”

“குறையே இல்லம்மா. அப்பா பாத்ரூம்ல கர்ணகொடூரமாப் பாடுவாரு, எல்லாம் கேக்கும். இங்க நீ வீட்ல இருக்கியா, போயிட்டியான்னே தெரியல. லிஃப்டுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு.”

நாளை அடுத்த விடுமுறை தொடங்குகிறது. வருவாயா என்று போனில் கேட்டதற்கு, “யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள் மகள். அதனால்தான் இன்று தச்சரை வரச் சொல்லியிருந்தாள் அம்மா.

“கம்பளத்தைச் சுருட்டுங்க. பட்டையைப் பிச்சிடுங்க.”

“நான் ஒட்டினதை நானே பிக்கணுமா? கதவு கிறீச்சுன்னு கத்தும்க்கா.”

“கத்தட்டும்.”

அவர் போன பிறகு சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு வந்து, மகளின் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். தண்ணீர் விழுவது கேட்டது. எழுந்துபோய்க் குழாயை மூடிவிட்டு வந்து வெறுந்தரையில் நடந்தாள். இடது கால் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறோம் என்பது இத்தனை வயதுக்கு அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. இதை மகளிடம் சொல்ல வேண்டும், சொன்னால் சிரிப்பாள்.

மாலை ஐந்து மணி. பள்ளி விட்டு வந்திருப்பாள். எண்ணை அழுத்திவிட்டு, என்ன சொல்வதென்று ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். ‘வா’ என்று எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. முதலில், சாப்பிட்டியா.

எதிர்முனையில் மணி அடித்தது. முகம் கழுவுகிறாளோ? போனை அறையில் வைத்துவிட்டுக் கூடத்தில் இருக்கிறாளோ? பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ?

ஆறாவது மணி. ஏழாவது.